பெயருக்குக் கீழே ஒரு சொல்

அத்தியாயம் 17

“அம்மா, உங்களுக்கு அது தெரியும் எண்டு அவையளுக்கு எப்பிடித் தெரியும்?”

தர்மிளா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பாரிஸில், மார்க்ஸ் டோர்மோய் பக்கத்து வீட்டின் சாப்பாட்டு மேசையில், டிலானி தன்னுடைய பழைய பட்டச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். இதெல்லாம் யாருக்கு என்று மகள் கேட்டாள். அமைச்சுக்கு என்றாள் தாய். அம்மா உளவியல் படித்தவள் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்றாள். அதற்குத்தான் இந்தக் கேள்வி வந்தது.

டிலானி சான்றிதழ்களை ஓரமாக ஒதுக்கினாள். “சாப்பாடு ஆறுது, சாப்பிடு” என்றாள்.

இப்போது தர்மிளாவுக்குப் பதின்மூன்று வயது. இந்த ஏழு வருடங்களாக பிரெஞ்சு அரசாங்கமும் அதே கேள்வியைத்தான் கடிதத்துக்கு மேல் கடிதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

டிலானி மன்னாரிலிருந்து சென்னைக்குப் போய் உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். ஊருக்குத் திரும்பி, போர் முடிந்த கையோடு பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளைகளோடு மூன்று வருடம் தரையில் உட்கார்ந்து விளையாடியவள். யூலியனைக் கைப்பிடித்துப் பாரிஸுக்கு வந்த பிறகு, ஓர் ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிறாள்.

இந்த நாட்டில் ‘ப்சிக்கோலோக்’ என்ற சொல்லுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. உளவியலாளர் என்று பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ள இங்கே பெற்ற பட்டம் வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அமைச்சின் குழு அதைப் பார்த்து அனுமதி தரவேண்டும். முதல் தடவை குழு மறுத்தது. இரண்டாம் தடவை, ஓர் உளவியலாளரின் கண்காணிப்பில் ஐந்நூறு மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு வா என்றது.

பாரிஸின் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் ஒரு மனநல நிலையத்தில் இடம் கிடைத்தது. பள்ளிச் சமையல்கூடத்து மேலாளர் அவளுக்காக வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்தார். லா கூர்னெவ் கிடங்கில் வேலை செய்யும் யூலியன் விடிகாலை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பின்னேரத்தில் சமைக்கப் பழகினான். முதல் மாதம் உப்பு அதிகம், இரண்டாம் மாதம் உப்பே இல்லை. டிலானி தன் செபத்தில் நன்றிப் பட்டியலைத் தொடங்கினால், முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும்.

போன கிழமை ஐந்நூறாவது மணி நேரமும் முடிந்தது. கண்காணித்த உளவியலாளர் சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டும். கோப்பு இன்றைய தபால் முத்திரையோடு போகவேண்டும். ஜூன் மாதத்து இந்த வெள்ளிக்கிழமையைத் தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம்.

காலை எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது. அண்ணன் றொஜர்.

“தங்கச்சி, ரயிலுக்குப் போற வழியிலை ஒருக்கா கடைக்கு வந்திட்டுப் போ.”

“நேரமில்லை அண்ணை. பதினொரு மணிக்கு ஓல்னேயிலை நிக்கவேணும்.”

“அஞ்சு நிமிஷம். கண்ணை மூடிக்கொண்டு வா.”

“கண்ணை மூடிக்கொண்டு றோட்டைக் கடக்கிறதோ?”

“வாயாடாமல் வா பிள்ளை.”

றொஜர் அச்சகம், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எல்லோருக்கும் தெரிந்த கடை. கலியாண அட்டை, பூப்புனித நீராட்டு விழா அட்டை, ஞானஸ்நான அட்டை, முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை என்று எது வேண்டுமென்றாலும் அங்கேதான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு எழுத்துப் பிழை விட்டதில்லை என்பது றொஜரின் பெருமை. அதை அவர் அடக்கமாகச் சொல்வதும் இல்லை.

டிலானி கடை வாசலில் நின்றுவிட்டாள்.

கண்ணாடியில் பொன்னிற எழுத்துக்கள் ஒட்டியிருந்தன. மேலே ‘டிலானி யூலியன்’. கீழே, அதைவிடப் பெரிதாக, பிரெஞ்சில் ‘ப்சிக்கோலோக்’.

“உள்ளுக்கு வா, உள்ளுக்கு வா” என்று றொஜர் அவளைப் பின்னறைக்குக் கூட்டிப் போனார்.

பின்னறையில் கூரை வரை அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளைக் காணவில்லை. சுவருக்குப் புது வெள்ளை. இரண்டு கதிரைகள், நடுவில் சின்ன மேசை, மேசையில் கண் துடைக்கக் கடதாசிப் பெட்டி. சுவரில் மடு மாதா படம்.

“பேப்பர் எல்லாம் எங்கை அண்ணை?”

“வீட்டிலை. கட்டிலுக்குக் கீழை. உன்ரை மச்சாள் மூண்டு நாளாய் ஏசிக்கொண்டு இருக்கிறாள். அதை விடு. கதிரை எப்பிடி? இருந்து பார்.”

டிலானி இருந்தாள். கண் கலங்கியது. அவள் தட்டுக் கழுவிய கையைப் பார்த்து ஒரு நாளும் ஒரு வார்த்தை சொல்லாத அண்ணன், தன் கடையில் பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறார்.

பிறகு அவர் ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். சுற்றிவர ரோசாப்பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பூப்புனித நீராட்டு விழாவுக்கு அடிக்கிற அதே அச்சு. நடுவில், தர்மிளா கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில் எடுத்த டிலானியின் நீலச் சேலைப் படம். ‘மனக் கவலையா? இனிக் கவலை வேண்டாம்!’ என்று மேலே. கீழே அவள் பெயரும், அந்தச் சொல்லும்.

“அண்ணை… இந்தச் சொல்லை நான் இன்னும் போடேலாது.”

“எந்தச் சொல்லு?”

“ப்சிக்கோலோக்.”

“ஏன்? நீ படிச்சனீ தானே?”

“படிச்சனான். ஆனால் அமைச்சிலை இருந்து அனுமதி வந்தால்தான் பேருக்குக் கீழை போடலாம். அதுக்கு முதல் போட்டால் சட்டப்படி குற்றம் அண்ணை.”

றொஜர் சிரித்தார். “கலியாணத்துக்கு முதல்தானே கார்ட் அடிக்கிறது? கலியாணம் முடிஞ்சாப்பிறகு கார்ட் குடுக்கிற ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

டிலானிக்கும் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடம் அட்டை அடித்த மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்? முதலில் தாள், பிறகு விசேஷம்.

“எத்தினை அடிச்சனீங்கள்?”

“ஐந்நூறு.”

“இஞ்சை இருநூறுதானே இருக்கு?”

“முந்நூறு நேத்துப் பின்னேரமே குடுத்தாச்சு. சாறிக்கடை, மீன்கடை, சலூன், சாப்பாட்டுக்கடை ஒண்டும் விடேல்லை. மிச்சம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய.”

அவள் சிரிப்பு நின்றது. “இது குழுவுக்குத் தெரிஞ்சால் என்ரை கோப்பைத் தூக்கி எறிஞ்சுபோடுவினம் அண்ணை. ஏழு வருசம்.”

றொஜரின் முகம் சின்னதாகிவிட்டது. அதைப் பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. ஒரு பிரசுரத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள். போயிட்டு வாறன் என்று சொல்லக்கூட மறந்துபோனாள்.

*

ஓல்னே ரயிலில் யன்னலோரம் இடம் கிடைத்தது. செபமாலையைக் கையில் எடுத்தாள். மூன்றாவது அருள் நிறைந்த மரியேயில் எங்கே விட்டாள் என்று தெரியாமல் போனது.

கையெழுத்துப் போடவேண்டிய அக்‌ஷரா லா சப்பலுக்கு வருகிற ஆள் இல்லை. கையெழுத்தை வாங்கிவிட்டு, பின்னேரம் வந்து கண்ணாடியைச் சுரண்டினால் காரியம் முடிந்தது. பொய் சொல்லவும் தேவையில்லை. சொல்லாமல் இருந்தால் போதும்.

லா கூர்னெவ் தாண்டியது. அவள் செபமாலையை முதல் மணியிலிருந்து தொடங்கினாள்.

அக்‌ஷரா புதுச்சேரிக் குடும்பத்துப் பெண், பாரிஸில் பிறந்தவள். டிலானியை விட எட்டு வயது இளையவள். பயிற்சி தொடங்கிய முதல் நாட்களில் இவள் தமிழ் அவளுக்கும், அவள் தமிழ் இவளுக்கும் விளங்காமல் இரண்டு பேரும் பிரெஞ்சுக்குத் தாவியது உண்டு. இப்போது அந்தத் தேவை இல்லை.

“வாங்க, உக்காருங்க. எல்லாம் ரெடி. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி” என்று அக்‌ஷரா பேனாவைத் திறந்தாள்.

டிலானி அந்தச் சான்றிதழின் மேல் பிரசுரத்தை வைத்தாள்.

“ஐயோ, இந்த ரோஜாப்பூ யார் வேலை?” அக்‌ஷரா வாய்விட்டுச் சிரித்தாள். “படத்துல சூப்பரா இருக்கீங்க. இது எதுக்கு, கல்யா…”

அவள் கண் கீழ் வரிக்குப் போயிருந்தது. சிரிப்பு மெல்ல இறங்கியது.

டிலானி நடந்ததைச் சொன்னாள். அண்ணனை விட்டுக்கொடுக்காமல், தன்னையும் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னாள்.

“எத்தனை பேர்கிட்ட போயிருக்கு?”

“முந்நூறு.”

அக்‌ஷரா பேனாவை மூடினாள். “நான் கோவிச்சுக்கல. ஆனா இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கேன்னு பாருங்க. தொழில் நெறிப்படி நடந்துக்கிட்டாங்கன்னு நான் சொல்றேன். அது கடைக் கடையா கிடக்கும்போது நான் எப்படிக் கையெழுத்து போடறது?”

“விளங்குது.”

“சொல்லாம இருந்திருந்தா போட்டிருப்பேன்.”

“ஓம்.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

டிலானி எதிரே இருந்த கதிரையைக் காட்டினாள். “உந்தக் கதிரையிலை வந்து இருக்கிற ஆக்களிட்டை, பயப்பிடாமல் உள்ளதைச் சொல்லுங்கோ எண்டு ஐந்நூறு மணித்தியாலம் கேட்டுக்கொண்டு இருந்தனாங்கள் அல்லோ.”

அக்‌ஷரா கடிகாரத்தைப் பார்த்தாள். “ஆறு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். கண்ணாடில இருக்கறதை எடுங்க. குடுத்ததை எல்லாம் திரும்ப வாங்கிட்டு வாங்க. வந்தா போடறேன்.”

“முந்நூறையுமா?”

“முடிஞ்ச வரைக்கும். நீங்க ஓடிப் பாத்தீங்கன்னு எனக்குத் தெரியணும்.”

*

கார் து நோர்ட் நிலையத்தில் இறங்கும்வரை டிலானி ஆறு தடவை அண்ணனை அழைத்தாள். எடுக்கவில்லை. வீட்டுக்கு அழைத்தபோது அண்ணன் மனைவி மேரிறோஸ் மச்சாள் எடுத்தாள்.

“கடையைப் பூட்டிப்போட்டு எங்கையோ போயிட்டார் பிள்ளை. ஃபோனை எடுக்கிறாரில்லை. காலமை என்ன நடந்தது? பேயறைஞ்ச மாதிரி வந்து ஒரு பையை எடுத்துக்கொண்டு போனவர்.”

“பிறகு சொல்லிறன் மச்சாள்” என்று வைத்தாள். அண்ணனின் மனதை உடைத்துவிட்டேன் என்று மட்டும் டிலானிக்குத் தெரிந்தது. முதல் கடைக்குள் நுழைந்தாள். சாறிக்கடை.

“அந்த நோட்டீஸோ? உங்கடை அண்ணை ஒன்பதரைக்கே வந்து எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு போயிட்டார்” என்றாள் கடைக்காரி. “அச்சுப்பிழையாம்.”

“அச்சுப்பிழையோ?”

“ஓம். தங்கச்சிக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் பிழையாய் அடிச்சுப்போட்டன் எண்டார்.”

மீன்கடையில் கத்தியோடு நின்றவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். “இருபத்திரண்டு வருசத்திலை றொஜருக்கு முதல் அச்சுப்பிழை! விடுவமோ? நாங்கள் நாலு பேர் சேந்து நல்லாய்ப் பகிடி பண்ணினனாங்கள். மனுசன் ஒரு கதையும் பறையாமல் நிண்டு கேட்டிட்டுப் போகுது.”

சலூனிலும் அதே கதை. சாப்பாட்டுக்கடையிலும் அதே கதை.

மெட்ரோப் பாலத்தின் கீழே அவரைக் கண்டாள். றொஜர் ஒரு குப்பைப் பைக்குள் முழங்கை வரை கை விட்டு, கசங்கிய ரோசாப்பூ வளையம் ஒன்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். சட்டையில் வாழைப்பழத் தோல் பட்ட கறை.

“அண்ணை!”

“நீ ஏன் இஞ்சை? கையெழுத்து வாங்கியாச்சோ?”

“இல்லை. சொல்லிப்போட்டன். எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு வந்தால்தான் போடுவாவாம்.”

“இருநூற்றித் தொண்ணூற்றியேழு” என்று றொஜர் பையைத் தட்டினார். “மூண்டு கிழிஞ்சு போச்சு. துண்டுகளும் கிடக்கு. ஒட்டிக் காட்டவேணுமெண்டாலும் காட்டலாம்.”

“ஏன் அச்சுப்பிழை எண்டு சொன்னனீங்கள்?”

“பின்னை? தங்கச்சி இல்லாத பேரைப் போட்டவள் எண்டு நாலு பேர் கதைக்கட்டோ?”

“உங்கடை பேரெல்லோ அண்ணை போச்சுது.”

“என்ரை பேருக்குக் கீழை ஒண்டும் இல்லைத்தானே” என்றார் றொஜர். “வா, கண்ணாடியைச் சுரண்டுவம்.”

டிலானி கைப்பையைத் திறந்தாள். அவர் சட்டையில் இருந்த கறையைத் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டாள்.

*

பொன்னிற எழுத்துக்கள் லேசில் வரவில்லை. பிளேடால் ஒன்றொன்றாகக் கிளப்பவேண்டியிருந்தது. நாலேகால் மணிக்கு அந்தச் சொல்லில் பாதிதான் போயிருந்தது.

எதிர்ப் பக்கத்து நடைபாதையில் ஓர் இளைஞன் நின்றான். நடந்து போனான். திரும்பி வந்தான். மூன்றாம் தடவை வீதியைக் கடந்தான்.

“அக்கா, இது நீங்கள்தானே?”

அவன் கைத்தொலைபேசியில் ரோசாப்பூ வளையத்துக்குள் நீலச் சேலை கட்டிய டிலானி.

“இது எங்காலை வந்தது தம்பி?”

“எங்கடை ஊர்ச் சங்கத்து வாட்ஸ்அப்பிலை ராத்திரி ஆரோ போட்டது.”

றொஜரின் கையில் இருந்த பிளேடு அப்படியே நின்றது. முந்நூறு தாளையும் பொறுக்கி எடுத்த மனிதர், இதை எந்தப் பைக்குள் போடுவார்?

இளைஞனின் பெயர் சுரேன். ஒரு உணவகச் சமையலறையில் வேலை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மூண்டு மாசமாய் நித்திரை இல்லை அக்கா. மெட்ரோ வரேக்கை… சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறனான். இண்டைக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்தனான். தமிழிலை சொல்லலாம் எண்டபடியாலை.”

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்கிறான் என்று டிலானிக்கு விளங்கியது. றொஜருக்கும் விளங்கியது, மெல்ல உள்ளே போய்விட்டார்.

இந்தச் சொல்லை ஏன் இப்படிக் காவல் காக்கிறார்கள் என்று ஏழு வருடமாக அவள் மனதுக்குள் முணுமுணுத்ததுண்டு. படித்ததைப் படித்தேன் என்று சொல்ல இவ்வளவு கையெழுத்தா என்று. இப்போது அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு பிள்ளை லீவு எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான்.

“தம்பி, நான் இன்னும் ப்சிக்கோலோக் இல்லை. அந்தப் படத்திலை இருக்கிறது பிழை. எனக்கு இன்னும் அனுமதி வரேல்லை.”

சுரேனின் முகத்தில் ஏதோ ஒரு கதவு சாத்தியது போல் இருந்தது. “சரி அக்கா. பறவாயில்லை.” திரும்பினான்.

“நில்லுங்கோ!” டிலானி அவன் கையைப் பிடித்தாள். “நான் பாக்கேலாது. ஆனால் பாக்கக்கூடிய ஒராளிட்டை இப்பவே போறன். அவவும் தமிழ். என்னோடை வாறீங்களோ?”

“இப்பவோ?”

“இப்பத்தான்.”

உள்ளேயிருந்து றொஜர் ஒரு கடதாசிப் பையோடு வந்தார். “மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்கினது, நான் சாப்பிடேல்லை. ஆட்டிறைச்சி றோல்ஸ். ரயிலிலை சாப்பிடு ராசா. வெறும் வயித்தோடை ஒண்டும் கதைக்கேலாது.” பிறகு தங்கையிடம், “நீ போ. மிச்ச எழுத்தை நான் சுரண்டிறன். ஆறு மணிக்கு முதல் படம் எடுத்து அனுப்பிறன்” என்றார்.

ரயில் மேடையில் டிலானி சுரேனுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் நின்றுகொண்டாள். சமையலறையில் என்ன வேலை என்று கேட்டாள். வெங்காயம் என்றான். ஒரு நாளைக்கு எவ்வளவு என்றாள். நாற்பது கிலோ என்றான். “அப்ப அழுகிறதுக்கு உங்களுக்குத் தனியாய்ச் சம்பளம்” என்றாள். அவன் முகத்தில் சிரிப்பின் ஓரம் தெரிந்தது. இரண்டாவது றோல்ஸையும் எடுத்தான்.

*

அக்‌ஷரா வாசலில் ஒரு நொடி இருவரையும் பார்த்தாள். ரயிலிலிருந்தே டிலானி அவளுக்கு விஷயத்தை எழுதி அனுப்பியிருந்தாள். “வாங்க சுரேன், உள்ள வாங்க” என்று கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

டிலானி பையோடு வெளியே உட்கார்ந்தாள். ஐந்நூறு மணி நேரமும் அந்தக் கதவின் உட்பக்கம் இருந்தவள் இன்று முதல் தடவையாக வெளிப்பக்கம் இருந்தாள். உள்ளே சரியான கையில் அவன் இருக்கிறான் என்பதே நிம்மதியாக இருந்தது. ஆண்டவரே, உமக்கு நன்றி என்றாள்.

ஐந்தேமுக்காலுக்கு, அக்‌ஷரா தொலைபேசியில் கூப்பிட்டிருந்த சுரேனின் சித்தப்பா லா கூர்னெவிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கதவு திறந்தது.

“இங்க இருக்கற டாக்டரும் பாத்துட்டார்” என்றாள் அக்‌ஷரா. “மருந்து எழுதியிருக்கார். திங்கக்கிழமை ஒன்பதரைக்குத் திரும்ப வரணும். அதுவரைக்கும் தனியா இருக்கக் கூடாது, சித்தப்பா வீட்டுலதான்.”

சுரேன் போகும்போது டிலானியிடம், “அக்கா, அந்தப் படம் பிழையெண்டாலும் நல்லதுதான்” என்றான். அவள் அவனுக்கு வெளிக்கதவைத் திறந்து பிடித்தாள்.

தொலைபேசியில் றொஜரின் படம் வந்திருந்தது. வெறும் கண்ணாடி, பசைத் தழும்போடு. டிலானி பையை மேசையில் வைத்தாள். கிழிந்த துண்டுகளையும் வைத்தாள். பிறகு சொன்னாள்:

“இன்னும் ஒண்டு இருக்கு. ஆரோ படம் பிடிச்சு வாட்ஸ்அப்பிலை போட்டிட்டினம். அதை என்னாலை பொறுக்கி எடுக்கேலாது.”

அக்‌ஷரா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “குழுவுக்கு நாமளே எழுதிச் சொல்லலாம். சொன்னா கேள்வி கேப்பாங்க. மறுத்தாலும் மறுக்கலாம். சொல்லாட்டி, தெரியாமலே போனாலும் போகும். நீங்கதான் முடிவு பண்ணணும்.”

“பேனையைத் தாருங்கோ.”

பிரெஞ்சில் ஒன்பது வரி. நடந்தது என்ன, யார் செய்தது, ஏன் செய்தார், எப்படித் திருப்பி எடுத்தோம். ‘என் சகோதரர் அன்பினால் செய்தார், பொறுப்பு என்னுடையது’ என்று முடித்தாள்.

அக்‌ஷரா இரண்டு தடவை படித்தாள். அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: இதை எல்லாம் அறிந்தே நான் சான்றளிக்கிறேன். தன் பெயர், தன் பதிவு எண். பிறகு சான்றிதழை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

“உங்கடை பேரையும் இதுக்குள்ளை ஏன்…”

“ரயில் போயிடும். ஓடுங்க” என்றாள் அக்‌ஷரா.

பாரிஸில் ஏழு மணிவரை திறந்திருக்கும் தபாலகத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு ஐம்பது. முத்திரை விழுந்த சத்தத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முன்னால் இருந்த பெண் பதிவுத் தபால் சீட்டை நீட்டி, நல்ல வார இறுதியாக அமையட்டும் என்றாள். இன்றைய நாளில் அதற்கும் ஒரு நன்றி சொல்லவேண்டும் போலிருந்தது.

குழு செப்டெம்பரில் கூடும். அந்த ஒன்பது வரியை அவர்கள் எப்படி வாசிப்பார்களோ. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு சுரேன் வருவானோ. இரண்டும் இனி அவள் கையில் இல்லை.

வெளியே வந்து அண்ணனை அழைத்தாள். மேரிறோஸ்தான் எடுத்தாள்.

“அவர் ஃபோனை வீட்டிலை விட்டிட்டு செபமாலைக்குப் போயிட்டார் பிள்ளை. போட்டாச்சோ தபால்? மாதாவே! நான் சொல்லிறன். சந்தோசப்படுவார், பாவம். பகல் முழுக்கக் கடை பூட்டு. நாளைக்குக் காலமை குடுக்கவேண்டிய நினைவு அட்டை இருநூற்றைம்பது மடிக்காமல் கிடக்காம். செபமாலை முடிய வந்து விடிய விடிய இருந்து மடிக்கப்போறாராம். கையும் பிளேட் வெட்டி வீங்கிப்போய்க் கிடக்கு.”

“எத்தினை மணிக்குச் செபமாலை முடியும் மச்சாள்?”

“ஒன்பதாகும். ஏன்?”

“சும்மா கேட்டனான்.”

கடையின் இரண்டாவது சாவி எப்போதும் டிலானியின் சாவிக்கொத்தில்தான் இருக்கும். ஜூன் மாதத்து வெயில் அந்த நேரத்திலும் வீதியில் நீண்டு கிடந்தது. அவள் கதவைத் திறந்து, உள்ளே போய், மறுபடி பூட்டிக்கொண்டாள். விளக்குப் போடவில்லை. கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் போதுமாயிருந்தது.

அட்டையில் ஒரு பெரியவரின் படம். நடுவில் மடிக்கவேண்டும், உள்ளே செபத்தாளை வைக்கவேண்டும், ஐம்பது ஐம்பதாக இறப்பர் வளையம் போடவேண்டும். பாரிஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இதே மேசையில் மடித்துப் பழகிய கை. ஒவ்வொரு மடிப்புக்கும் அந்தப் பெரியவரின் ஆத்துமத்துக்காக ஒரு வார்த்தை சொன்னாள். முதல் இருபதில் ஓரம் கொஞ்சம் விலகியது. அண்ணன் கண்ணுக்கு அது பட்டுவிடும் என்று அவற்றைப் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

எட்டேமுக்காலுக்கு ஐந்து கட்டுகளும் மேசையில் வரிசையாக இருந்தன.

பின்னறையில் ஒரு போத்தலில் சமையல் வினாகிரி இருந்தது. வெந்நீரில் கலந்து, பள்ளிச் சமையல்கூடத்தில் ஒட்டுத்தாள்களை எடுக்கிற மாதிரி, கண்ணாடியின் பசைத் தழும்பைத் துடைத்தாள். பிறகு துணியைப் பிழிந்து, இருந்த இடத்திலேயே காயப் போட்டாள்.

குறிப்பு ஒன்றும் எழுதி வைக்கவில்லை. கதவைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். செபமாலை முடிந்தவர்கள் வீதியின் மேல் பக்கத்தால் வருகிற சத்தம் கேட்டது. டிலானி கீழ்ப் பக்கத்தால் நடந்தாள்.